தூங்கும் முன் ஒரு பேய்க்கதை



அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. அப்படியிருக்க, இருட்டிய பிறகு, விளக்கையும் அணைத்துவிட்டு, வேண்டுமென்றே பேய்க்கதை கேட்டு அரண்டு போக நாம் ஆசைப்படுவது ஏன்? "அக்கா, ஒரே ஒரு கதை! பேய் வரணும். கடைசியில் என்ன ஆகும்னு யாருக்கும் தெரியக் கூடாது" என்று கெஞ்சாத தங்கையர் உண்டா? அந்தக் கதையைக் கேட்டபின் தலையோடு கால் போர்த்திக்கொள்ளாத அக்காமார்தாம் உண்டா?

இந்தக் கேள்வியை ஒரு பாடமாகவே எடுத்துப் படிக்க வேண்டிய நிலை எங்களுக்கு ஏற்பட்டது. அதற்கான காரணம் பெருமைக்குரியது அன்று. எனினும் அதை மறைத்துவிட்டுப் பாடத்தை மட்டும் சொல்வது முறையாகாது. ஆகவே அதையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பிழை

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஓர் இரவு. விடுதியில் மின்சாரம் நின்றுவிட்டது. இரவுப் படிப்பும் நின்றது. பெரிய கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். நாங்களும் சளைக்கவில்லை. அங்கேயே, அப்போதே, ஒரு கதையைக் கட்டினோம்.

"ஒரு கோடைக்காலம். இதே போல ஒரு விடுதி. விடுதிக்குப் பின்னால் ஒரு கிணறு. ஊரெல்லாம் அடங்கிய பிறகு, நடுச்சாமத்தில், அந்தக் கிணற்று ராட்டினம் தானாகக் கிறீச்சிடும். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் தலையில் முக்காடு போட்ட ஒரு வெள்ளை உருவம் நின்று தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது. ஈரக் காலடித் தடங்கள் மட்டும் கிணற்றடியிலிருந்து தோட்டத்துப் பக்கமாகப் போய் மறைந்திருக்கும்..."

கூடம் மூச்சு விடவில்லை. கதையை எப்படி முடிப்பது என்று எங்களுக்கும் தெரியவில்லை. தெரியாதபோது எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். "அந்த உருவம் இப்போது எங்கே தெரியுமா? இதோ, உன் பின்னால்!" என்று கூவி, முன்வரிசையில் இருந்த ஒரு குழந்தையின் தோளைப் பிடித்து உலுக்கினோம். கூடமே அலறியது. பிறகு சிரித்தது. நாங்களும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுத் தூங்கப் போனோம்.

அந்த ஒரு குழந்தை மட்டும் தூங்கவில்லை. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த பிள்ளை அவள். அன்று முதல் தனியாகக் கை கால் கழுவக்கூடப் போகமாட்டாள். இரவில் விழித்தபடியே உட்கார்ந்திருப்பாள். பகலில் வகுப்பில் தலை சாய்ந்துவிடும். ஒரு வாரம் கழித்து, "என்னை வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்று கடிதம் எழுதிவிட்டாள். தந்தையும் வந்துவிட்டார். வயலில் வேலையைப் போட்டுவிட்டு இரண்டு பேருந்து மாறி வந்த அந்த மனிதர், மகளின் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றதைக் கண்டபோதுதான், நாங்கள் செய்தது விளையாட்டன்று என்பது எங்களுக்கு உறைத்தது. அரையாண்டுத் தேர்வு வரையிலாவது பொறுத்திருங்கள் என்று விடுதிப் பொறுப்பாளராகிய சகோதரி மிகவும் கேட்டுக்கொண்டதன் பேரில், அவர் அரை மனத்தோடு திரும்பினார்.

சகோதரி எங்களை அழைத்தார். கடுமையாகப் பேசுவார் என்று எதிர்பார்த்துத் தலைகுனிந்து நின்றோம். அவரோ, "நானும் என் பாட்டியிடம் பேய்க்கதை கேட்டு வளர்ந்தவள்தான். கதை சொன்னது தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் என் பாட்டி எந்தக் கதையையும் பாதியில் விட்டதில்லை. உங்கள் கதைக்கு முடிவு எங்கே? அதைத் தேடிக் கொண்டுவந்து அந்தப் பிள்ளையிடம் கொடுங்கள்" என்றார்.

அந்த முடிவைத் தேடித்தான் நூலகத்துக்குப் போனோம். அங்கே கற்றவற்றையே இங்கு எழுதுகிறோம். கதைகளின் முடிவுகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவற்றை இன்னும் படிக்காதவர்கள், கதைகளை முதலில் படித்துவிட்டு இக்கட்டுரைக்குத் திரும்பினால் இன்பம் குறையாது.

அச்சமும் ஒரு மெய்ப்பாடே

எங்கள் தேடலுக்கு முதலில் வழி காட்டியவர் தொல்காப்பியர். பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தோன்றுவதே மெய்ப்பாடு. அவை எட்டு என்கிறார் அவர். சிரிப்பாகிய நகை, துன்பத்தால் வரும் அழுகை, இழிவுணர்ச்சியாகிய இளிவரல், வியப்பாகிய மருட்கை, அச்சம், பெருமிதம், சினமாகிய வெகுளி, மகிழ்ச்சியாகிய உவகை என்பன அவை. அச்சம் பிறக்கும் இடங்களையும் அவர் நான்காக வகுத்திருக்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பவையே அந்த நான்கு. ஆக, பேய்க்கு அஞ்சுவது இன்று நேற்றுத் தோன்றிய பழக்கமன்று. அதை ஒரு குற்றமாகவும் நம் முன்னோர் எண்ணவில்லை. நகைக்கும் உவகைக்கும் கொடுத்த இடத்தை அச்சத்துக்கும் கொடுத்தார்கள்.

அச்சம் மெய்யில் எப்படிப் படுகிறது என்பதை அறிவியல் ஆசிரியை விளக்கினார். நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிகள், அபாயம் என்று மூளை எண்ணியவுடன் அட்ரினலின் என்னும் நீரை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது. கண்ணின் பாவை விரிகிறது. உள்ளங்கை வியர்க்கிறது. ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு ஆயத்தமாகிறது. பாய் நம்முடையது, போர்வை நம்முடையது, அருகில் தோழியர் இருக்கிறார்கள் என்பது மட்டும் மனத்துக்குத் தெரிந்திருந்தால், அதே படபடப்பு இன்பமாக மாறிவிடுகிறது. ஊஞ்சலில் உயரப் போகும்போது வயிற்றில் எழும் கூச்சம் போன்றது அது. ஆனால் ஊஞ்சல் திரும்பி வர வேண்டும். உயரத்திலேயே கயிறு அறுந்தால் அது விளையாட்டாகாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. நல்ல பேய்க்கதை கேட்பவரை அச்சத்திலேயே விட்டுவிடுவதில்லை. கடைசித் திருப்பத்தில் அச்சத்தை வேறொரு மெய்ப்பாடாக மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் விடைபெறுகிறது. நான்கு கதைகளைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்தோம்.

நகையாக மாறிய அச்சம்

சாகி என்ற புனைபெயரில் எழுதிய ஹெக்டர் ஹியூ மன்றோ 1870இல் பர்மாவின் அக்யாப் நகரில் பிறந்த ஆங்கில எழுத்தாளர். முதல் உலகப் போரில் படைவீரராகச் சென்று 1916இல் பிரான்சு நாட்டுப் போர்க்களத்தில் உயிர் நீத்தவர். 'திறந்த சன்னல்' என்னும் அவரது கதை 1914இல் வெளிவந்த தொகுதியில் இருக்கிறது. அச்சில் நான்கைந்து பக்கமே வரும் சிறு கதை.

நரம்புத் தளர்ச்சியால் அவதிப்படும் ஃபிராம்டன் நட்டல் என்பவர், ஓய்வுக்காக நாட்டுப்புறத்துக்கு வருகிறார். தமக்கை கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு ஒரு வீட்டுக்குப் போகிறார். வீட்டு அம்மாள் வரும் வரை அவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள் அந்த அம்மாளின் உறவுப் பெண் வேரா. வயது 15, அதாவது நம் வயதுதான். அக்டோபர் மாதத்தில் அந்தப் பெரிய சன்னல் ஏன் திறந்திருக்கிறது தெரியுமா என்று அவள் தொடங்குகிறாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் அத்தையின் கணவரும் இரு தம்பியரும் வேட்டைக்குப் போய்ச் சேற்று நிலத்தில் அமிழ்ந்து போனார்கள், உடல்களும் கிடைக்கவில்லை, என்றாவது ஒரு நாள் அவர்கள் அந்தச் சன்னல் வழியே திரும்பி வருவார்கள் என்று அத்தை நம்பிக் காத்திருக்கிறார் என்கிறாள். அத்தையும் வந்து, அவர்கள் இப்போது வந்துவிடுவார்கள் என்று மிக இயல்பாகச் சொல்கிறார். அந்தி மங்கலில் மூன்று உருவங்கள் புல்வெளியைக் கடந்து வருகின்றன. காலடியில் ஒரு நாயும் வருகிறது. நட்டல் கைத்தடியைப் பற்றிக்கொண்டு தலைதெறிக்க ஓடுகிறார்.

உள்ளே வந்தவர்கள் உயிருள்ள மனிதர்களே. காலையில் வேட்டைக்குப் போனவர்கள் மாலையில் திரும்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்! வந்தவர் ஏன் ஓடினார் என்று எல்லாரும் திகைக்க, வேரா கொஞ்சமும் தயங்காமல், அவருக்கு நாய் என்றால் பயம், முன்பு கங்கைக் கரையில் தெருநாய்கள் துரத்தி ஓர் இரவு முழுதும் புதைகுழியில் கிடந்தாராம் என்று இன்னொரு கதையை அவிழ்த்துவிடுகிறாள்.

இக்கதையை மறுமுறை படித்தபோதுதான் தொடக்கத்தில் வேரா கேட்கும் சாதாரணக் கேள்வியைக் கவனித்தோம். இந்த ஊரில் உங்களுக்குப் பலரைத் தெரியுமா என்பதே அது. ஒருவரையும் தெரியாது என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் கதையைத் தொடங்குகிறாள். பொய்யைக் கண்டுபிடிக்க முடியாத ஆளா என்று சோதித்திருக்கிறாள்! சாகி எதையும் மறைக்கவில்லை. சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டிருக்கிறார். நாம்தான் பார்க்கவில்லை. அச்சம் இங்கே நகையாக மாறிவிடுகிறது.

ஆனால் எங்களால் முழுதும் சிரிக்க முடியவில்லை. எதிரே இருப்பவர் நோயாளி என்று வேரா எண்ணிப் பார்க்கவில்லை. மழை இரவில் அந்தக் குழந்தையின் தோளைப் பிடித்து உலுக்கிய எங்களையே அவளிடம் கண்டோம்.

அழுகையாக மாறிய அச்சம்

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1863இல் இலண்டனில், கப்பல்துறைப் பகுதியில் பிறந்தவர். மாலுமிகளைப் பற்றிய நகைச்சுவைக் கதைகளுக்குப் பெயர் பெற்றவர். அவர் எழுதிய 'குரங்கின் பாதம்' என்னும் கதை 1902இல் நூலாக வெளிவந்தது. சிரிக்க வைப்பவரின் கையிலிருந்துதான் உலகம் மறக்காத இந்தத் திகில் கதையும் பிறந்தது.

உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்றை இந்தியாவிலிருந்து ஒரு படைவீரர் கொண்டுவருகிறார். ஒரு பக்கீர் மந்திரித்த பாதம் அது. மூன்று பேருக்கு மும்மூன்று வரம் தரும். அவர் அதை நெருப்பில் எறிய, நண்பரான முதியவர் ஒயிட் எடுத்துவிடுகிறார். வீட்டுக் கடனை அடைக்க 200 பவுன் வேண்டும் என்று விளையாட்டாகக் கேட்கிறார். மறுநாள் ஆலையிலிருந்து ஆள் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான் என்ற செய்தியோடு, ஆலை தரும் உதவித் தொகையும் வருகிறது. அந்தத் தொகை சரியாக 200 பவுன்!

அடக்கம் முடிந்து சில நாள் சென்றபின், மகன் திரும்பி வர வேண்டும் என்று கேட்கச் சொல்லிக் கணவரை வற்புறுத்துகிறார் தாய். கேட்டாயிற்று. நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது. தாழ்ப்பாள் எட்டாமல் தாய் தவிக்க, தந்தை இருட்டில் பாதத்தைத் தேடி எடுத்து மூன்றாம் வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறக்கிறது. வெளியே வெறுந்தெரு.

கதவுக்கு அப்பால் நின்றது யார், எப்படி இருந்தது என்று ஜேக்கப்ஸ் ஒரு சொல்லும் எழுதவில்லை. மூன்றாவது வரம் என்ன என்பதையும் அவர் எழுதவில்லை. நாமேதான் அறிந்துகொள்கிறோம். இதற்கும் முன்னறிவிப்பு உண்டு. அந்தப் பாதத்தை முதலில் வைத்திருந்தவன் மூன்றாம் வரமாகக் கேட்டது சாவைத்தான் என்று படைவீரர் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார். கதவு தட்டப்படும்போது நடுங்கும் நாம், தெரு வெறிச்சோடியிருக்கும்போது நடுங்குவதில்லை. அந்தத் தாய்க்காக அழுகிறோம். பேய்க்கதை ஒன்று இங்கே தாய்ப்பாசத்தின் கதையாக முடிகிறது.

மருட்கையாக மாறிய அச்சம்

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் காலத்து நீண்ட இரவுகளில் கணப்பின் அருகே அமர்ந்து பேய்க்கதை படிப்பது நெடுங்கால வழக்கம். சார்லஸ் டிக்கன்ஸ் தம் இதழின் 1866ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் மலருக்காக எழுதியதே 'கைகாட்டிக்காரர்' என்னும் கதை.

ஆழமான பள்ளத்தில், சுரங்கப் பாதையின் வாயருகே தனியே பணி செய்யும் ஒரு ரயில்வே ஊழியர். மேலே நின்று கதை சொல்பவர் அவரைக் கூவி அழைக்கிறார். அழைத்தவரை நிமிர்ந்து பார்க்காமல் அவர் திரும்பிச் சுரங்க வாயைப் பார்க்கிறார். ஏன்? அங்கே ஓர் உருவம் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மறு கையை வீசி எச்சரித்ததை அவர் முன்பே கண்டிருக்கிறார். அது தோன்றிய சில மணி நேரத்தில் பெரிய விபத்து நடந்தது. மீண்டும் தோன்றியபோது, ஓடும் வண்டியில் ஓர் இளம்பெண் இறந்தாள். இப்போது மறுபடியும் தோன்றுகிறது. என்ன ஆபத்து, யாருக்கு ஆபத்து என்று தெரியாமல் அவர் துடிக்கிறார். முடிவில் ரயில் மோதி இறப்பவர் அவரே. வண்டியை ஓட்டி வந்தவர் அவரை எச்சரிக்க என்ன கூவினாரோ, எப்படிக் கையை வீசினாரோ, அது அந்த உருவத்தின் செயலோடு அப்படியே பொருந்துகிறது. அந்த எச்சரிக்கை அவருக்கே உரியது!

இதை எழுதியவருக்கு ரயில் விபத்து கேள்விப்பட்ட செய்தி மட்டுமன்று. 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில் தடம்புரண்டு பத்துப் பேரைப் பலிகொண்ட வண்டியில் டிக்கன்ஸ் இருந்தார். இறங்கி வந்து, காயமுற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உதவினார். அதன் பின் ரயில் பயணம் என்றாலே அவர் உடல் நடுங்குமாம். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, 1870இல், அதே ஜூன் 9 அன்று அவர் காலமானார். தம் உள்ளத்தில் உறைந்திருந்த அச்சத்தை அவர் ஒரு கதையாக ஆக்கினார். அதைப் படிக்கும் நமக்கோ முடிவில் அச்சத்தை விட மருட்கையே மிகுகிறது.

பெருமிதமாக மாறிய அச்சம்

வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். அந்தக் கதையின் கடைசித் திருப்பம் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? கி.பி. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தைச் சேர்ந்த சோமதேவர் வடமொழியில் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இது இருக்கிறது. தமிழில் விக்கிரமாதித்தன் கதையாகப் பாட்டிமார் வாயிலாக நமக்கு வந்தது.

சுடுகாட்டு மரத்தில் தொங்கும் பிணத்தை எடுத்து வரும்படி ஒரு துறவி அரசனிடம் வேண்டுகிறான். பிணத்துக்குள் இருக்கும் வேதாளமோ வழி நெடுகக் கதை சொல்லிக் கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் பேசாமலிருந்தால் தலை வெடித்துவிடும். பேசினாலோ வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். இப்படியே இரவெல்லாம் அரசன் நடக்கிறான். கடைசிக் கதைக்கு மட்டும் அவனுக்கு விடை தெரியவில்லை. அவன் மௌனமாக நடக்கும்போது வேதாளம் அவனுடைய மன உறுதியை மெச்சி உண்மையைச் சொல்கிறது. அந்தத் துறவி உன்னைப் பலியிடக் காத்திருக்கிறான்; விழுந்து வணங்கு என்று அவன் சொன்னால், எப்படி வணங்குவது என்று நீ செய்து காட்டு என்று கேள்; அவன் குனியும்போது வாளை வீசு என்கிறது. அரசன் பிழைக்கிறான்.

தோளில் சுமந்து வந்த பேய் நண்பன். வணங்கத் தக்கவனாகத் தோன்றிய துறவியே பகைவன்! எதற்கு அஞ்ச வேண்டும் என்று நினைத்தோமோ அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. எதற்கு அஞ்சவில்லையோ அதற்கே அஞ்சியிருக்க வேண்டும். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதே அறிவுடையார் தொழில் என்று வள்ளுவர் கூறியதன் பொருள் இந்த இடத்தில் எங்களுக்கு நன்கு விளங்கியது.

எல்லாப் பேய்க்கதைகளும் இவ்வாறு தெளிவாக முடிந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. புதுமைப்பித்தன் எழுதிய 'காஞ்சனை', வந்தவள் யார் என்ற ஐயத்தை முடிவு வரை தீர்க்காமலே நிறுத்துகிறது. ஆனால் அது வளர்ந்தவர்கள் பகலில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பதற்குரிய கதை. பாயில் படுத்திருக்கும் பத்து வயதுக் குழந்தைக்கு உரியதன்று.

கற்ற பாடங்கள்

இக்கதைகளிலிருந்து நாங்கள் தொகுத்துக்கொண்டவை இவை.

1. திருப்பம் என்பது ஏமாற்று அன்று. முடிவுக்கு வேண்டிய குறிப்பு தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். மறுமுறை படிக்கும்போது, "இதை எப்படிக் கவனிக்காமல் விட்டோம்!" என்று நம்மையே நாம் நொந்துகொண்டால் அது நேர்மையான கதை.

2. திடீரென்று கூவுவது முடிவாகாது. எதிர்பாராமல் கதவை அறைந்து சாத்தினாலும் உடம்பு தூக்கிப் போடும். அதற்குக் கதை எதற்கு?

3. பேயை அதிகம் காட்டக் கூடாது. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் ஓசை, கதவைத் திறந்து காட்டும் உருவத்தைக் காட்டிலும் வலிமை உடையது.

4. கேட்பவர் யார் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கூட்டத்தில் மிகச் சிறியவள் யாரோ, வீட்டை விட்டுப் புதிதாக வந்தவள் யாரோ, அவளை நினைவில் வைத்தே கதையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

5. கதை முடிந்ததும் உடனே விளக்கை அணைத்துவிடக் கூடாது. வேகமாக அடிக்கும் இதயம் அடங்கச் சிறிது நேரம் ஆகும். அந்த நேரத்தில் கதையைப் பற்றிப் பேசலாம். குறிப்பு எங்கே இருந்தது என்று தேடச் செய்யலாம். துப்புத் தேடும் மனத்தில் பயம் தங்காது.

6. "இது உண்மையாகவே நடந்தது", "இதே இடத்தில் நடந்தது" என்று ஒருபோதும் சொல்லலாகாது. குழந்தை கதையை விட்டு வெளியே வர ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலை நாமே அடைத்துவிடக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பேய்க்கதை வேண்டவே வேண்டாம் என்று தடுத்துவிடாதீர்கள். இருட்டில் தனியே எண்ணி அஞ்சுவதை விட, அம்மாவின் அருகிலோ பாட்டியின் மடியிலோ கிடந்து அஞ்சிப் பழகுவது நல்லது. கதையை மட்டும் முடித்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

கிணற்றடிக் கதையின் முடிவு

இவ்வளவும் கற்றபின், ஒரு சனிக்கிழமை மாலை, வெளிச்சம் இருக்கும்போதே அந்தக் குழந்தையை அழைத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். கதையை முதலிலிருந்து மெல்லச் சொன்னோம். நாங்கள் கூடிப் பேசி ஆயத்தம் செய்துவைத்திருந்த முடிவையும் சொன்னோம். "திடுக்கிட்டு விழித்துப் பார்த்தால், எல்லாம் கனவு!"

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "கனவுன்னா, காலையில காலடித் தடம் எப்படி வந்துச்சு அக்கா?" என்றாள்.

எங்களிடம் விடை இல்லை.

சற்று நேரம் மண்ணைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு அவளே சொன்னாள். "அது வெயில் காலம்னு நீங்கதானே சொன்னீங்க? காலடி எல்லாம் தோட்டத்துப் பக்கம்தானே போச்சு? நம்ம பக்கம் ஒண்ணுகூட வரலையே! பகல்ல எல்லாரும் குளிக்கத் துவைக்கத் தண்ணி எடுத்துடுவாங்க. கிணத்துல ஊறினதுக்கு அப்புறம் ராத்திரியில தோட்டக்காரத் தாத்தா செடிக்கு இறைச்சு ஊத்தியிருப்பாரு. எங்க ஊர்லயும் எங்க அப்பா அப்படித்தான் செய்வாரு. பனிக்குத் தலையில வேட்டித் துண்டைப் போட்டுக்குவாரு."

நாங்கள் வாயடைத்துப் போனோம். கோடைக்காலம், முக்காடு, ஈரக் காலடி, தோட்டத்துப் பக்கம் ஆகிய எல்லாக் குறிப்புகளையும் நாங்களே கதையில் வைத்திருக்கிறோம். வைத்தவர்களுக்கே அது தெரியவில்லை. பயந்து நடுங்கிய அந்தப் பிள்ளைதான் எங்கள் கதையை ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறாள்.

"இவ்வளவு தெரிந்திருந்துமா பயந்தாய்?" என்று கேட்டோம்.

"நீங்க கதையை முடிக்கலையே அக்கா. என் பின்னாடி நிக்குதுன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டீங்களே!" என்றாள்.

அந்தச் சொல் எங்களை நூலகத்து நூல்கள் எல்லாவற்றையும் விட அதிகமாகச் சுட்டது. மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துவிட்டாள்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து அவளுடைய தந்தை வந்தார். பெட்டியை எடுக்க வேண்டியிருக்கவில்லை. விடுமுறைக்கு அழைத்துப் போக மட்டுமே வந்தார். வாசலில் அவரைக் கண்டதும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தலையில் வெள்ளைத் துண்டு போர்த்தியிருந்தார்.

இப்போது கூடத்தில் கிணற்றடிக் கதையைச் சொல்பவள் அவள்தான். ராட்டினம் கிறீச்சிடும் ஓசையை எங்களை விட நன்றாகவே செய்கிறாள். பிள்ளைகள் அலறுகிறார்கள். பிறகு காலடித் தடம் எந்தப் பக்கம் போயிற்று என்று அவளே கேட்கிறாள். ஆளுக்கொரு விடை சொல்லிச் சண்டையிட்டு, தாத்தாவைக் கண்டுபிடித்து, செடிகளுக்குப் பெயர் வைத்து, ஒவ்வொருவராகத் தூங்கிவிடுகிறார்கள்.

தோழியரே, இன்றிரவு உங்கள் வீட்டிலும் யாரேனும் ஒரு கதை கேட்கக்கூடும். தாராளமாகச் சொல்லுங்கள். விளக்கைச் சற்றுத் தணித்துக்கொள்ளுங்கள். குரலையும் தாழ்த்திக்கொள்ளுங்கள். கேட்பவரைக் கிணற்றடி வரை நடுங்க நடுங்க அழைத்துப் போங்கள். ஆனால் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். கையைப் பிடித்து வீடு வரை கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள்.